பூட்டைப் பற்றி யார் சொன்னது

அன்பு மகள் பொடிசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், அப்பா லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டு போய் நாலு நாளாகிறது, அவரும் சுகம்தான் என்று நேற்று போனில் சொன்னார், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ அந்தக் கேள்வியையே திருப்பி என்னிடம் கேட்பாய், கடைசியில் நான்தான் அரைமணி நேரம் பேசியிருப்பேன், உன்னைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. மூன்று ஞாயிறாக நான் போனை எடுக்கவில்லை. போன் ரிப்பேர் என்று அப்பா உன்னிடம் சொன்னது நான் சொல்லச் சொன்ன பொய், அவருக்குப் பொய் சொல்ல வராது, நீயும் நம்பியிருக்க மாட்டாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் அதை எதிரில் வைத்துக்கொண்டு அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு உன் மேல் ஒரு சந்தேகம். அதைப் போனில் கேட்டால் நீ ம்ம், ம்ம் என்பாய், எனக்குக் கோபம் தலைக்கேறும், பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன், காகிதத்தில் நீ ம்ம் போட முடியாது.

முதலில் உன் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வரைக்கும் நீ கூப்பிட்டால் ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள், எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம் என்று கொட்டித் தீர்ப்பாய். இரண்டாம் வருஷம் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. முழங்கால் வலிக்கிறது என்றேன், முழங்கால் வலி உங்களை ரொம்பச் சோர்வாக்குது போல என்றாய். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வதற்கு அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டுமா. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்ற வாய் திடீரென்று நீங்க என்றது, யாரோ ஆபீசிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நடுநடுவே பேசாமல் இருந்துவிடுகிறாய். ஒரு நாள் லைன் கட்டாகிவிட்டது என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன், இருக்கேன்மா, நீங்க யோசிக்கட்டும்னு காத்திருக்கேன் என்றாய். நான் என்ன யோசிக்க, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. இவள் அம்மாவோடு பேசவில்லை, அம்மாவை வைத்துப் பேசிப் பழகுகிறாள் என்று. அப்பாவிடம் சொன்னால், படித்த பிள்ளை கொஞ்சம் மரியாதையாகப் பேசினால் உனக்குப் பொறுக்கவில்லையா என்று என்னையே கேலி செய்தார். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான், ஒரு தையல் விட்டிருந்தால் கை தடவும்போதே தெரிந்துவிடும். லேப் டெக்னீஷியனுக்குப் படி என்று அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டேன். சோஷியல் ஒர்க்காம், ஊருக்கு உதவி செய்ய டிகிரி எதற்கு என்று கேட்டேன், உதவி செய்றதுக்கும் ஒரு முறை இருக்கும்மா என்றாய். அந்த முறை எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துகொண்டேன், அது நம் வீட்டுப் படியேறி வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானே பூசி மெழுகுகிறவளாக ஆகிவிடுவேன். நீ போன லீவுக்கு வந்து போன மறுமாதமே அத்தைக்கு ஞாபகம் ரொம்பத் தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஒரு சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வருகிறேன், கேஸ் திறந்து கிடக்கிறது, பற்றவைக்கவில்லை, வீடு முழுக்க வாடை, அவள் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் வந்தால் வீட்டில் ஆளே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி என்று கிளம்பியிருக்கிறாள், ரிட்டயராகிப் பதின்மூன்று வருஷம் ஆனது அவளுக்கு நினைவில்லை. பஸ் டிப்போவில் செருப்பில்லாமல் நின்றவளை ஒரு டிரைவர் அடையாளம் தெரிந்து கூட்டிவந்து விட்டார். அப்பா மாதத்தில் இருபது நாள் ரோட்டில், நீ அங்கே, நான் எட்டரை மணிக்குக் கார்டு போடாவிட்டால் அந்த டேபிளில் வேறொருத்தி நிற்பாள். துணைக்கு ஆள் வைத்துப் பார்த்தேன், வந்த இரண்டு பேரும் ஒரு வாரம் தாங்கவில்லை. கடைசியில் கேஸைக் கழற்றிவிட்டு, வெளியே கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எட்டு மணிக்குப் பூட்டி ஆறு மணிக்குத் திறப்பேன். டப்பாவில் சாப்பாடு, சொம்பில் தண்ணீர், டிவியைப் போட்டுவிட்டுப் போவேன். இப்படிப் பதினொரு மாதம். முதல் நாள் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் படியேறி வந்து பார்த்தேன், பத்தாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் பூட்டுக்கு வேலையில்லை, அதனால் அவருக்கும் தெரியாது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் பகலில் வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று உங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைத்தான் சொன்னேன், ஒரே பொய்யாக இருந்தால்தான் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டோம். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா அவள், அது எனக்குத் தெரியாதா. ஊரார் வீட்டு அத்தைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நீ அங்கே படித்துக்கொண்டிருந்தாய், உன் அத்தையை நான் இங்கே பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு நீ கூப்பிட்டபோது அத்தையைப் பற்றி என்னிடம் நாலு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா. பகலில் அத்தை யாரோடு இருக்கிறார்கள், பாத்ரூம் போக வேண்டுமென்றால் யார் உதவுவார்கள், பயந்துபோனால் யாரைக் கூப்பிடுவார்கள், வெளியே வர வேண்டும் என்று தோன்றினால் அவர்களால் வர முடியுமா. முதல் மூன்றுக்கும் டீச்சர், டீச்சர், டீச்சர் என்றேன். நாலாவதுக்கு, கதவு திறந்தேதான் இருக்கும், அவள் பாட்டுக்கு வருவாள் போவாள் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய், பிறகு சரிம்மா என்றாய். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, செக்கிங் டேபிளில் நிற்கும்போது சூப்பர்வைசர் வந்து எனக்குப் போன் என்றார். டீச்சர்தான். உங்க வீட்டு வாசலில் முதியோர் நலப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், உடனே வாங்க என்றாள். எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் மாடி ஏறினால், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஒரு தடிமனான ஃபைல், கிரில்லுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே உன் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பியோடு ஒட்டிப் போட்டு, இணைப்பு வெட்டிய அந்தப் பழைய டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு, லைன்ல இருங்க, கனெக்ட் பண்றேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாவும் சரிங்க, இருக்கேன் என்று பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறார். இருபது நிமிஷமாக இப்படித்தான் என்று டீச்சர் சொன்னாள். எனக்குச் சாவி துவாரத்தில் போகவில்லை. நாலு பேர் பார்க்க என் வீட்டுக் கதவை என்னால் திறக்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அந்த ஃபைல்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். உள்ளே வந்து உட்கார்ந்தார், டீ கொடுத்தேன், வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டார், அத்தை குளிக்கிற இடம், படுக்கிற இடம், மாத்திரை டப்பா எல்லாம் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து என்னிடம் நாலு கேள்வி கேட்டார். பகலில் யாரோடு இருக்கிறார்கள், பாத்ரூம் போக யார் உதவி, பயந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், வெளியே வர நினைத்தால் முடியுமா. அதே நாலு. அதே வரிசை. கம்பெனியில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு, இரண்டு பீஸில் ஒரே இடத்தில் ஒரே தவறு இருந்தால் இரண்டும் ஒரே மெஷினில் ஓடியவை, அந்த மெஷின்காரியைக் கூப்பிட்டால் போதும். இதுவும் ஒரே மெஷின்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். உங்க மேல அக்கறை உள்ள ஒருத்தர்தான் தகவல் கொடுத்திருக்காங்க என்றார். அக்கறையாம். ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குள் வேறு ஏற்பாடு இல்லையென்றால் அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்க்க எழுத வேண்டியிருக்கும், இனிமேல் ஒரு நாள்கூடப் பூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே உன்னை மட்டும் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்காதே, எல்லோரையும் சந்தேகப்பட்டேன், அதில் நான் நியாயமானவள். எதிர்வீட்டு டீச்சருக்கு அத்தை கூப்பிடுவது காதில் விழுந்திருக்கும். மருந்துக்கடைக்காரர் அத்தைக்கு வாங்குகிற தூக்க மாத்திரை எதற்கு இவ்வளவு என்று ஒரு முறை முறைத்தார். அதனால் டீச்சரிடம் அண்ணியை வெள்ளிக்கிழமை ஒரு ஹோமுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன், மருந்துக்கடையில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். எந்தப் பொய் ஃபைலுக்குள் போய்த் திரும்பி வருகிறதோ அவர்தான் ஆள். ஃபைல்காரம்மா அடுத்த முறை வந்தபோது இரண்டையும் கேட்கவில்லை. டீச்சர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஹோமெல்லாம் வேண்டாங்க என்று அழுதாள், மருந்துக்கடைக்காரர் இன்றைக்கும் தம்பி வீட்டில் அண்ணி சௌக்கியமா என்று கேட்கிறார், சௌக்கியம் என்று சொல்லிவிட்டு அண்ணிக்கே மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன். அவர்கள் இரண்டு பேரும் இல்லை என்றால் மிச்சம் நீதான். அந்த வாரம் ஞாயிறு நீ கூப்பிட்டபோது ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினேன், ஏதாவது வாய் தவறிச் சொல்கிறாயா என்று பார்க்க. நீ பரீட்சையைப் பற்றிப் பேசினாய், மழையைப் பற்றிப் பேசினாய், அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு துருவித் துருவிக் கேட்டவள் இன்றைக்கு ஏன் கேட்கவில்லை, அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டேன். பெற்ற தாயைப் பற்றி ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தவள் என்று மூன்று வாரம் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன்.

ஃபைல்காரம்மா முதலில் வந்த அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போனில் சொல்ல வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருந்தார், பின்னால் லாரிகள் போகிற சத்தம். "எங்க அக்காவையா பூட்டின?" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து வந்தவர் கைகால்கூடக் கழுவாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து கிரில்லில் இருந்த கொண்டியைக் கழற்றினார், திருகு ஒன்று துருப்பிடித்து வரவில்லை, அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவள் இவரைத் தம்பி என்று தெரியாமல் எந்த நம்பர் வேணும் சார் என்று கேட்டாள், இவரும் ஏதோ ஒரு நம்பர் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இருபது நாள் ரோட்டில் இருக்கிறவருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவளுக்கும் மனசு இளகுவது சுலபம், தினமும் காலையில் அவள் துணியை மாற்றிவிட்டு எட்டரைக்குப் போய் நிற்கிறவளுக்குத்தான் பூட்டு தேவைப்பட்டது. இதை நீ உன் படிப்பில் எங்காவது சேர்த்துக்கொள்.

இனி அந்தக் குடைக்காரியைப் பற்றி. ஃபைல்காரம்மாவுக்குக் கீழே பயிற்சிக்கு வருகிற பெண், உன் வயதுதான் இருக்கும், உன் படிப்புதான், வேறு காலேஜ். வாரத்துக்கு இரண்டு நாள் நம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை, அதனால் அந்தப் பெயர். முதல் நாள் அவளை வேண்டுமென்றே வாசலில் கால்மணி நேரம் நிற்க வைத்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற மாதிரி கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். கால் மாற்றி மாற்றி நின்றாளே தவிர மணியை இரண்டாம் தடவை அடிக்கவில்லை. உள்ளே வந்ததும் என்ன எழுதப்போகிறாய், எழுதினதைக் காட்டு என்றேன். காட்டினாள், தேதியும் நேரமும்தான் இருந்தது. எழுதுறது எல்லாத்தையும் உங்ககிட்ட காட்டிட்டுத்தான் கொடுப்பேன் என்றாள். இது நம்மைக் கவிழ்க்கிற வழி என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அவள் காட்டிய ஒவ்வொரு வரியையும் பீஸைப் புரட்டுகிற மாதிரி உள்ளும் புறமும் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பெரிய தாளை விரித்து நடுவில் ஒரு வட்டம் போட்டு அதுதான் நம் வீடு என்றாள். சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, நெருக்கமென்றால் கனமான கோடு, பட்டும் படாமலுமென்றால் புள்ளிக்கோடு, மனஸ்தாபமென்றால் கோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வெட்டு. டீச்சருக்குப் புள்ளிக்கோடு, கம்பெனிக்குக் கனமான கோடு, அப்பாவுக்குக் கனமான கோடு, ஆனால் நீளமாகப் போடச் சொன்னேன். உனக்கு என்ன கோடு என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் பேசாமல் காத்திருந்தாள். அது எனக்குப் பழகின மௌனமாக இருந்தது, நீ போனில் செய்கிறாயே அதே மௌனம், ஆனால் எதிரில் உட்கார்ந்து ஒருத்தி அப்படிக் காத்திருக்கும்போது அது எரிச்சலாக இல்லை. கடைசியில் அந்தக் கோட்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றேன், சரி என்று பென்சிலை வைத்துவிட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் டீச்சர் எதிரிலேயே இருக்கிறாள், நான் ஒரு நாளும் உதவி என்று வாய் விட்டுக் கேட்டதில்லை என்று எனக்கே தெரிந்தது. இப்போது வாரத்தில் நாலு நாள் பகல்நேர மையத்திலிருந்து வேன் வருகிறது, அங்கே அத்தை மாதிரி பன்னிரண்டு பேர், யார் என்ன சொன்னாலும் இவள் கனெக்ட் பண்ணிக் கொடுக்கிறாளாம், நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். மற்ற இரண்டு நாள் நான் பாதி ஷிப்ட் மாற்றிக்கொண்டேன், நான் வருகிற வரைக்கும் டீச்சர் தன் டியூஷனை நம் ஹாலில் நடத்துகிறாள், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல அத்தை தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முந்தாநாள் ஃபைல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் செருப்பைப் பார்த்தேன், பின்பக்கம் தேய்ந்து தரை தட்டிவிட்டது. எத்தனை வீடு இப்படிப் போகிறீர்கள் என்றேன், நாற்பத்திரண்டு என்றார். நீயும் நாளைக்கு இதே வேலைக்குத்தானே போகப்போகிறாய், இப்போதே நல்ல செருப்பு வாங்கிப் போட்டுக்கொள், தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகாதே, மாடி ஏறும் முன்னால் யாரிடமாவது எந்த வீடு என்று சொல்லிவிட்டு ஏறு. யாராவது என்னை மாதிரி ஒருத்தி உன்னை வாசலில் நிற்க வைப்பாள், அவள் மேல் வருத்தப்படாதே, உள்ளே அவளுக்குக் கை ஓடாமல் இருக்கும்.

போன வாரம் குடைக்காரி கடைசி நாள் வந்தாள். இனிமேல் வரமாட்டாள் என்பதால் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். யார் சொன்னது என்று உனக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். "தெரியும்மா. ஆனா சொல்லமாட்டேன். நீங்க எங்கிட்ட சொன்னதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். எத்தனையோ விதமாக வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சரி, நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன், என் மகள்தான், அந்த நாலு கேள்வியை அவள்தான் முதலில் கேட்டாள், உங்கள் ஃபைல்காரம்மாவும் அதையே கேட்டார்கள், நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றேன். அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாலு கேள்வியும் அச்சாகியிருந்தது, அதே வரிசையில். எங்க எல்லாருக்கும் இதுதான் பாடம்மா, இரண்டாம் வருஷத்தில் வீட்டில் இருக்கிற வயசானவங்க ஒருத்தரைப் பற்றி இந்த நாலையும் கேட்டு எழுதிக்கொண்டு போகணும், மார்க் உண்டு என்றாள். ஒரே தவறு இரண்டு பீஸில் வந்தால் ஒரே மெஷின் என்று சொன்னேனே, துணியை வெட்டுகிற டேபிளிலேயே அளவு தப்பியிருந்தால் முப்பது மெஷினிலும் ஒரே இடத்தில்தான் வரும். இது புதிதாக வந்த பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயம். உன் விஷயத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது.

அவள் போன பிறகு எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், மகள் காட்டிக்கொடுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதுதான் இல்லை பொடிசு. அன்றிலிருந்துதான் எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. நீ ஆபீசுக்குச் சொன்னாய் என்று நினைத்த மூன்று வாரமும் உன் மேல் கோபம் இருந்ததே தவிர உன்னைப் பற்றிக் கவலை இல்லை, என் பெண்ணுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் என் குரலில் இருந்த பொய் தெரிந்துவிட்டது, அவள் படித்த படிப்பு வீண் போகவில்லை என்று கோபத்துக்கு அடியில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது அது போய்விட்டது. அந்த ஞாயிறு நீ கேட்டது அத்தைக்காகவா, மார்க்குக்காகவா. நான் சொன்ன நாலு பதிலையும் அப்படியே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாயா. அதற்குப் பிறகு நீ அத்தையைப் பற்றிக் கேட்காதது தெரிந்து கேட்காததா, இல்லை கேள்வி எழுதி முடித்தாகிவிட்டது என்பதால் கேட்காததா. பதினொரு மாதம் ஒருத்தி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து லைன்ல இருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கூப்பிட்டு, அதற்கென்றே படிக்கிற உன் காதில் விழவில்லையா. நாளைக்கு நீ நாற்பத்திரண்டு வீட்டுப் படி ஏறுவாய், ஒவ்வொரு வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி கதவு திறந்தேதான் இருக்கும் என்பாள், அவள் வாயைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுவாயா என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் ஒரு நாள் ஞாபகம் தடுமாறும், அப்போது என்னைப் பார்த்துக்கொள்கிறவளும் யாரிடமாவது பொய் சொல்லுவாள்.

அதனால் தகவல் கொடுத்தது யார் என்று எனக்கு இனித் தெரிய வேண்டாம். நீயாக இருந்தால் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் உன் வேலைக்கு அழகு, அந்தக் குடைக்காரி எனக்குப் புரியவைத்துவிட்டாள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கதவு திறந்தேதான் இருக்கும் என்று அன்றைக்கு நான் சொன்னபோது நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாயே, அப்போது நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்ததா. என்னைத் திட்டி எழுது, இத்தனை நாள் மறைத்தாயே என்று எழுது, எதை வேண்டுமானாலும் எழுது. அம்மா சொன்னதை நம்பினேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ நல்ல உடம்போடும் தெளிந்த மனதோடும் படித்து முடித்து, நாலு பேர் நிம்மதியாகத் தூங்க வழி செய்கிறவளாக நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அத்தையிடமும் உன் பெயரைச் சொன்னேன், லைன் கிடைத்ததும் சொல்கிறேன் என்றாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. வருகிற ஞாயிறு வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, எடுப்பேன். என்னை நீ என்றே கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
உன் அம்மா